‘இங்க எல்லாரும் ஒரே குடும்பம்’ – யாருடைய குடும்பம்?

முனைவர் பட்ட ஆய்வுக்கு வருவதற்கு முன், மயிலாப்பூரில் ஒரு விளம்பர நிறுவனத்தில் இரண்டு ஆண்டுகள் காப்பிரைட்டராக வேலை பார்த்தேன். காலையில் பெரம்பூரில் 29சி பேருந்து ஏறுவேன். ஜெமினி மேம்பாலத்தைத் தாண்டும்போது நெரிசல் கொஞ்சம் குறையும், உட்கார இடம் கிடைக்கும். சேர்ந்த முதல் நாளே நிறுவனர் என் தோளில் கைபோட்டுச் சொன்னார்: “இங்க சார், மேடம்லாம் கிடையாது பா. எல்லாரும் ஒரே குடும்பம்.”

பொய் சொல்லக் கூடாது, நல்ல இடம்தான். ஒன்றாம் தேதி சம்பளம் வந்துவிடும். ஒரு வரியை எப்படிப் பத்துச் சொல்லுக்குள் அடக்குவது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்கள். அப்பா ஸ்டான்லியில் சேர்க்கப்பட்டிருந்தபோது அதே நிறுவனர் இரவு பதினொரு மணிக்குப் போன் செய்து, பணம் ஏதும் தேவையா என்று கேட்டார். இதை நான் மறக்கவில்லை.

அதே ஆபீஸில் இன்னொன்றும் நடந்தது. விளம்பரத்தில் ஆட்டோக்காரர், மீன் விற்கும் அம்மா, குப்பத்துப் பையன் என்று யார் வந்தாலும் ஸ்கிரிப்ட் என் மேசைக்கு வரும். “லோக்கல் கேரக்டரா? இவன்கிட்ட கொடு, நேட்டிவா வரும்” என்பார்கள். எங்கள் தெருவில் என் அத்தை பேசுகிற பேச்சை அப்படியே எழுதிக் கொடுப்பேன். படித்துவிட்டு எல்லோரும் சிரிப்பார்கள். அது வானொலியில் ஓடும். ஆனால் அந்த ஸ்கிரிப்டை வாடிக்கையாளரிடம் படித்துக் காட்டும் கூட்டத்துக்கு என்னை ஒருமுறைகூட அழைத்துப் போனதில்லை. “கிளையன்ட் கொஞ்சம் கன்சர்வேட்டிவ், அடுத்த தடவை பார்க்கலாம்.” இரண்டு ஆண்டுகளில் அந்த அடுத்த தடவை வரவில்லை. சாப்பாட்டு அறை மைக்ரோவேவ் மீது சிரிக்கும் முகம் ஒன்று வரைந்து, ‘நான்-வெஜ் சூடு பண்ண வேண்டாம், ப்ளீஸ்’ என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. நானும் ஆபீஸ் உதவியாளர் அண்ணனும் டிரைவர் அண்ணனும் மொட்டை மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம். எங்களை அங்கே போகச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. நாங்களாகவே போனோம்.

என்னோடு அதே வாரத்தில் சேர்ந்த ஒரு தோழி இன்றைக்கும் சொல்வாள்: “நான் வேலை பார்த்ததிலேயே பெஸ்ட் ஆபீஸ் அதான்டா.” அவள் பொய் சொல்லவில்லை. நானும் பொய் சொல்லவில்லை. இப்படி இருவர் இரண்டு விதமாகச் சொன்னால் மனிதவளத் துறை அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது: ‘கலவையான அனுபவங்கள்’. ஒருவருக்கு மேலாளர் சரியாக அமைந்திருப்பார், இன்னொருவருக்கு அமைந்திருக்க மாட்டார், ஆளுக்கு ஆள் மாறும் என்பார்கள்.

நான் கேட்பது ஒரே கேள்விதான். ஆளுக்கு ஆள் மாறுகிறதா, சாதிக்குச் சாதி மாறுகிறதா?

என் ஆபீஸ் கதையை விடுங்கள், அதற்குச் சாட்சி படிக்கட்டு மட்டும்தான். ஊரறிந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2014 ஏப்ரலில், அண்ணா சாலை கஸ்தூரி கட்டடத்தில் இயங்கும் ‘தி இந்து’ ஆங்கில நாளிதழின் மனிதவளத் துறை தன் ஊழியர்களுக்கு ஓர் அறிவிப்பு விடுத்தது. கேன்டீன் வளாகத்துக்குள் அசைவ உணவுக்கு அனுமதி இல்லை, பெரும்பான்மை ஊழியர்கள் சைவம் என்பதால் அது அவர்களுக்குச் சங்கடம் தருகிறது என்பது அதன் சாரம். அறிவிப்பு வெளியே வந்து விவாதமானது. ‘தனியார் நிறுவனம், அவர்கள் இஷ்டம்’ என்றார்கள் சிலர். ‘உணவு தனிமனித உரிமை’ என்றார்கள் சிலர். இரண்டு தரப்பும் தட்டில் இருந்த கறியைப் பற்றியே பேசின. நான் அந்த ‘பெரும்பான்மை’ என்ற சொல்லைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

அதே 2014ஆம் ஆண்டுக்கான இந்திய அரசின் மாதிரிப் பதிவு முறைக் கணக்கெடுப்பு, 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் யார் அசைவம், யார் சைவம் என்று மாநிலவாரியாகச் சொல்கிறது. தமிழ்நாட்டில் அசைவம் சாப்பிடுபவர்கள் நூற்றுக்கு 97 பேருக்கும் மேல். நூறு பேரில் மூன்று பேர்கூட முழுதாகத் தேறாத ஒரு கூட்டம், சென்னையின் நடுவில் ஒரு கட்டடத்துக்குள் போனதும் பெரும்பான்மை ஆகிவிடுகிறது என்றால், அந்தக் கட்டடத்தின் வாசலில் என்ன நடக்கிறது? அறிவிப்பு சொன்னது உண்மையென்றால், அது ஆளெடுப்பு எப்படி நடந்தது என்பதற்கு நிறுவனமே எழுதிக் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம். உண்மையில்லை என்றால், கணக்கில் சிறியவர்களின் சங்கடம் மட்டுமே பெரும்பான்மையின் சங்கடமாக எண்ணப்பட்டது என்று பொருள். எப்படிப் பார்த்தாலும் பிரச்சினை குழம்பில் இல்லை.

இதே நாளிதழ் ஆணவக் கொலைகளைக் கண்டித்து எழுதியிருக்கிறது. கிராமப்புற இந்தியாவைப் பற்றிய பி.சாய்நாத்தின் கட்டுரைகளை ஆண்டுக்கணக்கில் வெளியிட்டிருக்கிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும். தலையங்கத்தில் முற்போக்கு, கேன்டீனில் ஆச்சாரம் என்ற இந்த இரட்டைத்தன்மைதான் நம் நகரத்தின் ‘நல்ல’ நிறுவனங்களின் இயல்பு. அங்கே வேலை பார்ப்பவர்களில் தலையங்கத்தை மட்டும் பார்ப்பவர்களும் உண்டு, கேன்டீன் வாசலைக் கடக்கும்போதெல்லாம் டிபன் பாக்ஸை மூடிக்கொள்பவர்களும் உண்டு. இருவரின் அனுபவமும் கலவையாகத்தானே இருக்கும்?

இது புதிய கதையுமில்லை. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்த அம்பேத்கர், ஆசிரியர் அறையில் இருந்த பொதுத் தண்ணீர்ப் பானையைத் தொடுவதற்குச் சக பேராசிரியர்கள் ஆட்சேபம் தெரிவித்தார்கள். மாணவர்கள் அவருடைய வகுப்பைக் கேட்க ஆவலோடு வந்தார்கள். வகுப்பறையில் மரியாதை, ஆசிரியர் அறையில் பானை. அண்ணலுக்கும் ‘கலவையான அனுபவம்’தான் கிடைத்தது!

நம் ஊரிலேயே பாருங்கள். 1957இல் திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் பெயர்ப் பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை அழிக்கச் சொல்லி, பெரியாரின் தொண்டர்கள் நாள்தோறும் மறியல் செய்து கைதானார்கள். மாதக்கணக்கில் நடந்த அந்தப் போராட்டத்துக்குப் பிறகு பலகையில் இருந்த சொல் போனது. பலகையை அழித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று மைக்ரோவேவ் மீது ஒட்டிய தாளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். ‘பிராமணாள்’ என்று எழுத இன்று யாருக்கும் துணிச்சல் இல்லை. ‘ப்ளீஸ்’ என்று எழுதிச் சிரிக்கும் முகம் வரைந்தால் போதுமானதாக இருக்கிறது.

வாசலில் என்ன நடக்கிறது என்று கேட்டேன் அல்லவா? அதற்குச் சில கணக்குகள் இருக்கின்றன.

1996 நவம்பரில் பி.என்.உனியால் என்ற பத்திரிகையாளர் ‘பயனியர்’ நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். தலித் பத்திரிகையாளர் ஒருவரிடம் பேச வேண்டும் என்று ஒரு வெளிநாட்டு நிருபர் அவரிடம் கேட்டிருக்கிறார். முப்பது ஆண்டுகளாகத் தொழிலில் இருந்தும் ஒருவரைக்கூடச் சந்தித்ததில்லை என்பது உனியாலுக்கு அப்போதுதான் உறைத்தது. டெல்லியில் அரசு அங்கீகாரம் பெற்ற 686 செய்தியாளர்களின் பட்டியலை எடுத்துத் தேடினார். ஒருவரையும் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. 2019இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்டரியும் சேர்ந்து ஆய்வு செய்தபோது, ஊடகங்களின் 121 தலைமைப் பதவிகளில் 106இல் உயர்சாதியினர் இருந்தார்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஒருவரும் இல்லை. இடையில் 23 ஆண்டுகள். எத்தனை அரசுகள் மாறின, எத்தனை தொலைக்காட்சிகள் வந்தன, இந்தக் கணக்கு மட்டும் மாறவில்லை.

‘திறமைதானே அளவுகோல்’ என்பவர்களுக்கு இன்னொரு ஆய்வு. சுகதேவ் தோரட், பால் அட்வெல் இருவரும் 2007இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் வெளியிட்டது. நாளிதழ்களில் வந்த தனியார் நிறுவன வேலை விளம்பரங்களுக்கு, ஒரே மாதிரித் தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்போடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அது மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கியது. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. நேர்முகத் தேர்வே இன்னும் நடக்கவில்லை, வாயே திறக்கவில்லை. அதற்குள் திறமையை எப்படி அளந்தார்கள்?

‘தமிழ்நாட்டில்தான் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லையே’ என்று கேட்கலாம். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தந்த கொடை அது. நாம் பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் சாதியைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு வழியா இல்லை? “எந்த ஏரியா?” என்று கேட்பார்கள். வியாசர்பாடி என்றால் ஒரு நொடி மௌனம். “அதுல எந்தப் பக்கம்?” அடுத்து, “வீட்ல என்ன பண்றாங்க? எந்த ஸ்கூல்?” மார்கழிக் கச்சேரிக்குப் போவீர்களா என்று ஒரு கேள்வி, சும்மா பேச்சுவாக்கில். நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு, ‘நல்ல பையன், ஆனா நம்ம கல்ச்சருக்கு செட் ஆவானான்னு தெரியல’ என்பார்கள். படைப்புத் துறைக்கு இது மிக வசதி. கணக்காளர் வேலைக்குக் கணக்குத் தெரிய வேண்டும், அதைச் சோதித்துவிடலாம். ‘ரசனை’ இருக்கிறதா என்பதை எதை வைத்துச் சோதிப்பது? தன்னைப் போல் பேசுகிறவருக்கு, தன் வீட்டில் கேட்ட பாட்டையே கேட்டு வளர்ந்தவருக்கு ரசனை இருப்பதாகத் தோன்றுவது மனித இயல்பு என்பார்கள். அந்த இயல்புக்குச் சாதி என்று பெயர்.

சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் ஜெமினி ஸ்டுடியோ பற்றி அசோகமித்திரன் எழுதிய பகுதி ஒன்று இருக்கிறது. எஸ்.எஸ்.வாசனின் அந்த நிறுவனத்தில் அவர் வேலை பார்த்த நாட்களின் நினைவுகள். ஒப்பனைத் துறையில் இந்தியாவின் பல மாநிலத்தவரும் கலந்திருந்ததைத் தேசிய ஒருமைப்பாடு என்று கிண்டலாகச் சொல்வார். ஆனால் அதே ஒப்பனை அறையில் யார் யாருக்கு வண்ணம் பூசலாம் என்பதற்குக் கண்டிப்பான படிநிலை. தலைமை ஒப்பனைக்காரர் கதாநாயகனுக்கு. கூட்டத்தில் நிற்கும் துணை நடிகர்களுக்குப் பூசுபவர் ‘ஆபீஸ் பாய்’. அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். நடிகராக, இயக்குநராக, கவிஞராக ஆகும் கனவோடு வந்தவர். தன் நிலைமைக்கெல்லாம் காரணம் கொத்தமங்கலம் சுப்பு என்று குமுறுவார். சுப்பு முதலாளிக்கு நெருக்கமானவர், பன்முகத் திறமையாளர், ‘தில்லானா மோகனாம்பாள்’ எழுதியவர். ஆபீஸ் பாய்க்கு இல்லாமல் சுப்புவுக்கு இருந்த சாதகங்களை அடுக்கும்போது, பிராமணராகப் பிறந்ததையும் அசோகமித்திரன் தனக்கேயுரிய எள்ளலோடு அந்தப் பட்டியலில் சேர்க்கிறார்.

ஆண்டுதோறும் பிள்ளைகள் அந்தப் பாடத்தைப் படிக்கிறார்கள். ஆபீஸ் பாயைப் பொறாமைக்காரராக, கொஞ்சம் வேடிக்கையான மனிதராகவே பரீட்சைத் தாளில் எழுதுகிறார்கள். சுப்புவின் திறமையை நான் மறுக்கவில்லை. அந்த நாற்பது வயது மனிதருக்கு ஒரே ஒரு பாட்டை எழுதிப் பார்க்க வாய்ப்பு கிடைத்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்பது யாருக்கும் தெரியாது. நாம் அறிந்த திறமை எல்லாம் வாய்ப்பு கிடைத்தவர்களின் திறமை. ஜெமினியைப் பற்றிச் சுப்புவிடம் கேட்டால் ஒரு பதில் வந்திருக்கும், ஆபீஸ் பாயிடம் கேட்டால் வேறு பதில். இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்து ‘கலவையான அனுபவம்’ என்று எழுதினால், அந்தப் படிநிலை கணக்கிலிருந்தே மறைந்துவிடும்.

இன்னும் தெற்கே போனால், கூலி வாங்குகிறவர்கள் கலைஞர்கள் பட்டியலிலேயே இல்லாத ஒரு தொழிலைப் பார்க்கலாம். மயிலாப்பூர் சபாக்களில் ஒலிக்கும் மிருதங்கத்துக்கு மாட்டுத்தோல், எருமைத்தோல், ஆட்டுத்தோல் மூன்றும் வேண்டும். அதைத் தேர்ந்தெடுத்து, பதப்படுத்தி, வித்வானின் காதுக்கு ஏற்ற நாதம் வரும்வரை இழுத்துக் கட்டுபவர்களில் பலர் தலித் கிறிஸ்தவர்கள். அவர்களைப் பற்றி டி.எம்.கிருஷ்ணா எழுதிய ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூலின் வெளியீட்டுக்கு 2020இல் திருவான்மியூர் கலாக்ஷேத்ரா முதலில் அரங்கம் தந்தது, பிறகு அனுமதியைத் திரும்பப் பெற்றது. விழா தரமணியில் உள்ள ஆசிய இதழியல் கல்லூரியில் நடந்தது. மாட்டுத்தோல் மேடைக்கு வரலாம், அதைக் கட்டியவர் கதை மேடைக்கு வரக் கூடாது. எங்கள் தெருப் பேச்சு வானொலிக்குப் போகலாம், அதை எழுதியவன் கூட்டத்துக்குப் போகக் கூடாது. இரண்டும் வேறு வேறா?

இங்கே நம் பக்கத்துத் தவற்றையும் பேசியாக வேண்டும். இதைப் படித்துவிட்டு, ‘பார்ப்பனர் நடத்தும் நிறுவனங்களின் பிரச்சினை இது’ என்று சிலர் நிம்மதியாகக் கடந்துபோகலாம். தியாகராய நகரிலும் வடபழனியிலும் இடைநிலைச் சாதி முதலாளிகள் நடத்தும் ஸ்டுடியோக்கள், எடிட்டிங் கூடங்கள், தயாரிப்பு நிறுவனங்கள் எத்தனையோ. அங்கே மதியம் பிரியாணிப் பொட்டலம் எல்லோருக்கும் வரும். மைக்ரோவேவ் மீது தாள் இருக்காது. ஆனால் பொட்டலம் பிரிக்கும்போதே, “தம்பி, நீங்க எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு?” என்ற கேள்வியும் வரும். மாட்டுக்கறி என்று சொல்லிப் பாருங்கள், அங்கேயும் முகம் சுளிக்கும். பெரியார் படம் மாட்டியிருக்கும் அறையிலேயே ‘நம்ம ஆளு’ என்ற சொல் புழங்குவதை நான் கேட்டிருக்கிறேன். கறி தின்பதால் மட்டும் சாதி போய்விடாது, தோழர்களே.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிராக 2013இல் வந்த சட்டப்படி, பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் ஒவ்வோர் இடத்திலும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். அந்தச் சட்டம் 1997ஆம் ஆண்டு விசாகா தீர்ப்பிலிருந்து பிறந்தது. விசாகா வழக்கு, ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காக 1992இல் ஆதிக்க சாதி ஆண்களால் கூட்டு வல்லுறவுக்கு ஆளான பன்வாரி தேவியின் போராட்டத்திலிருந்து பிறந்தது. அவர் குயவர் சமூகத்தைச் சேர்ந்த, அரசுத் திட்டத்தின் அடிமட்டப் பணியாளர். ஓர் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்ணின் வலியிலிருந்து வந்த சட்டம் இன்று நகரத்து அலுவலகங்களின் கதவு வரை வந்திருக்கிறது. ஆனால் வழியில் ‘சாதி’ என்ற சொல் மட்டும் உதிர்ந்துவிட்டது. தனியார் நிறுவனத்துக்குள் சாதிப் பாகுபாட்டுப் புகாரை விசாரிக்கக் குழு வேண்டும் என்று சொல்லும் சட்டம் இல்லை. 1955ஆம் ஆண்டுச் சட்டமும் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கின்றனவே என்பார்கள். அவை நம்மைக் காவல் நிலையத்துக்குப் போகச் சொல்கின்றன. கூட்டத்துக்கு அழைக்கப்படாததையும் ‘கல்ச்சருக்கு செட் ஆகாத’தையும் எந்த ஆய்வாளரிடம் போய்ப் புகாராக எழுதிக் கொடுப்பது?

2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைச் சட்டப்படி தடை செய்தது, தனியார் வேலை உட்பட. சாதியை ஏற்றுமதி செய்த நாட்டின் மாநகரங்களில் அப்படி ஒரு விதி இல்லை. சமூக நீதி மண் என்று நாள்தோறும் மேடையில் கேட்கும் தமிழ்நாட்டிலாவது அது வர வேண்டாமா?

ஆகவே மூன்று கோரிக்கைகள். பாலியல் துன்புறுத்தலுக்கு இருப்பதைப் போலவே சாதிப் பாகுபாட்டுக்கும் ஒவ்வொரு நிறுவனத்திலும் உள்ளகக் குழு வேண்டும். அதில் பட்டியல் சாதி, பழங்குடியினர் பிரதிநிதித்துவமும் வெளி உறுப்பினரும் கட்டாயம் இருக்க வேண்டும். ஊடக, விளம்பர, திரைத்துறை நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களின் சமூகக் கணக்கை, எந்தப் படியில் யார் இருக்கிறார்கள் என்று பெயர் இல்லாமல், ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அரசு தன் விளம்பரங்களை இந்தக் கணக்கை வெளியிடும் நிறுவனங்களுக்கு மட்டுமே தர வேண்டும். நம் வரிப்பணம்தானே அரசு விளம்பரமாகப் போகிறது? அந்தப் பணம் போகும் கட்டடத்துக்குள் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

இரவு பதினொரு மணிக்குப் போன் செய்த அந்த நிறுவனரை நான் இன்றும் நன்றியோடுதான் நினைக்கிறேன். ஆனால் அவருக்கு மனம் இருந்ததால் எனக்கு அது கிடைத்தது. அவருக்கு மனம் வராததால் கூட்டம் கிடைக்கவில்லை. நான் கேட்பது அவருடைய மனதைச் சார்ந்திராத ஒன்றை. குடும்பத்தில் பாசம் கிடைக்கும், பங்கு கேட்டால்தான் சண்டை வரும். நமக்கு வேண்டியது பங்கு.

இந்த ஆண்டு கல்லூரி முடித்துவிட்டு ஆழ்வார்ப்பேட்டையிலோ அடையாறிலோ ஏதோ ஒரு ஸ்டுடியோவில், ஏஜென்சியில் முதல் வேலைக்குப் போகும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. அங்கே உங்களுக்கு நல்லதும் நடக்கும். அதை மறுக்க வேண்டாம், வேலையை முழுதாகக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் உங்களை விட்டுவிட்டுக் கூட்டத்துக்குப் போகும் நாளில், ‘எனக்குத்தான் தகுதி பத்தவில்லையோ’ என்று நினைத்துக்கொண்டு உட்காராதீர்கள். நான் இரண்டு ஆண்டுகள் அப்படி உட்கார்ந்தேன். தேதி போட்டு எழுதி வையுங்கள். பக்கத்து மேசைத் தோழரிடம் சொல்லுங்கள். படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடும் அண்ணன்களிடமும் பேசுங்கள், அவர்களிடம் இன்னும் நீண்ட கணக்கு இருக்கும். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு அறைக்கு இறங்கி வாருங்கள்.